மஞ்சள் துணியில் சிவப்பு

மாலை ஐந்து மணி. தம் வீட்டுச் சாமி அறையிலிருந்து எடுத்துவந்த பெட்டியைத் திறந்த சந்திரமதியம்மாள் அலறிவிட்டார். உள்ளே மஞ்சள் துணி மட்டும் கிடந்தது. பதக்கத்தைக் காணோம்.

மலாயாவில், தெப்ராவ் ரப்பர் தோட்டத்து மாதர் சங்கத்தின் தலைவி அணிவதற்கென்று செய்த தங்கப் பதக்கம் அது. நடுவில் விளக்கு பொறித்தது. மூக்குத்தி, மோதிரம் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து உருக்கினோம். நான் கொடுத்தது என் அம்மாவின் தோடு. ஐந்தரைக்குச் சந்திரமதியம்மாள் அதை அணிந்து பதவியேற்க வேண்டும். 1934, தை மாதம்.

துணியில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை.

"குங்குமக் கை!" என்றார் சந்திரமதியம்மாள். எல்லோரும் என் விரல்களைப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பொட்டு வைத்தவள் நான்தான்.

"பால்மரம் வெட்டுறவளச் சேக்காதேன்னு அப்பவே சொன்னேன்," என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் அவருடைய அண்ணன் ஐயாசாமி கிராணி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. "மாத்தா மாத்தாவக் கூப்பிடு. போலீஸ் ஸ்டேஷன்ல ரெண்டு அதட்டு அதட்டினா கக்கிடுவா."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் செல்வராணி அக்கா. தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன ஐப்பசியில்தான் அக்கா காலமானார். அன்று அவர் கேட்டவை எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கின்றன.

"துணிய நனைச்சது யாரு?"

"நான்தான்," என்றார் சந்திரமதியம்மாள். "காலையில மஞ்சத்தண்ணில முக்கி, பதக்கத்த நானே சுத்தி வச்சேன். அப்பக் கறை இல்ல."

"அப்புறம் சாமி ரூமுக்குள்ள போனது?"

"அங்கம்மா. வெளக்குக்கு எண்ணெ ஊத்த அண்ணன். வேற யாரும் போகல."

"அங்கம்மா, பொட்டியத் தொறந்தியா?"

"இல்லக்கா," என்றேன். " மூடியில பொட்டு வச்சதோட சரி."

"கிராணியாரே, நீங்க?"

"பொம்பளைங்க பதக்கத்த நான் காதுலயா மாட்டிக்கப் போறேன்? அந்தத் துணிய இப்பதான் பாக்குறேன்."

அக்கா தம் வெள்ளை முந்தானையை விரித்து, அதன்மேல் துணியை உதறினார். ஒரு துகள்கூட விழவில்லை.

"குங்குமம்னா பொடி நிக்கும். இது ஊறின செவப்பு. ஒரு தட்டுல மஞ்சத்தண்ணி கொண்டாங்க. கிராணியாரே, உங்க சுண்ணாம்பு டப்பி."

அவர் தயங்கினார். அக்காவே எடுத்தார். விரல்நுனிச் சுண்ணாம்பைத் தட்டில் கரைத்தார். தண்ணீர் சிவந்தது. துணியிலிருந்த அதே சிவப்பு.

"ஆரத்தி!" என்றார் அக்கா. "கல்யாணத்துக்குக் கல்யாணம் கரைக்கிறோம், இன்னிக்கு நம்மள்ல ஒருத்திக்கும் தோணல. ஈர மஞ்சத் துணியத் தொட்டது சுண்ணாம்புக் கை. அங்கம்மா வெத்தல போடுறவ இல்ல."

சந்திரமதியம்மாள் அண்ணனின் வெற்றிலைப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தார். இலைகளுக்கு அடியிலிருந்து பதக்கம் உருண்டது.

"கூலிக்காரியோட நீ ஒரே பாய்ல உக்காரணுமா?" கிராணி சீறினார். "ஒருத்திய ஒருத்தி திருடின்னு ஏசிக்கிட்டுச் சங்கம் கலையட்டும்னுதான் எடுத்தேன்."

"கலையாது. வெளிய போங்கண்ணே."

அவர் போனபின் சந்திரமதியம்மாள் என்னைப் பார்த்தார்.

"கரைச்ச ஆரத்தியச் சும்மா கொட்டவா முடியும்?" என்றார் அக்கா. "அங்கம்மா, கெழக்கப் பாத்து நில்லு."

எனக்குச் சுற்றினார். சந்திரமதியம்மாள் தட்டில் விரலைத் தோய்த்து என் நெற்றியில் பொட்டு வைத்தார்.

கூட்டம் சொன்ன நேரத்துக்கே தொடங்கியது.