நாற்பத்திரண்டாவது ஒப்பாரி

பட்டியலில் ஒன்று கூடுதலாக இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மைக் செட் கடையில், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, சம்பூர்ணம் அந்தக் கறுப்புத் திரையை உற்றுப் பார்த்தாள். பழைய லேப்டாப்; வேறு எதைத் திறந்தாலும் திணறி நின்றுவிடும் என்பதால் பாட்டுகளைக் கட்டளை தட்டித்தான் தேடுவாள். ‘அம்மன்’ என்று தட்டினால் அம்மன் பாட்டுகள், ‘கல்யாணம்’ என்றால் நாதஸ்வரம், வரிவரியாக இறங்கும். சாவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுவதைப் பதிந்து, இறந்தவர் பெயரிலேயே ஏற்றிவைத்து, பதினாறாம் நாள் அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது கடை வழக்கம். அப்படி அவள் கையால் ஏற்றியவை நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டாவது வரி: நடராசன். ஒப்பாரி. பதினொரு நிமிடம்.

நடராசன் அவள் புருஷன். காலையில்தான் மீன்சுருட்டியில் ஒரு காதுகுத்துக்கு செட் கட்டப் போயிருந்தான்.

ஹெட்போனை மாட்டினாள். பந்தல் துணி படபடக்கும் சத்தம். கேட்கக் கேட்க, எங்கிருந்தோ ஊதுபத்தியும் வாடிய சாமந்தியும் மூக்கில் ஏறின. பிறகு ஒரு பெண் குரல், “ஏணியில ஏறுன ராசா, எறங்காமப் போனீரே...”

அவளுடைய குரல்.

போனை எடுத்து அவனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். “ஏங்க, எங்க இருக்கீங்க?”

“தென்னமரத்துல புள்ள. ஏணி போட்டு மைக் குழாய் கட்டுறேன்.”

“எறங்குங்க.”

“தாய்மாமன் சீரோட வந்து நிக்கிறாரு, இப்பப் போயி...”

“எறங்குறீங்களா, இல்ல தாலியக் கழட்டி ஆணியில மாட்டவா?”

“அடியாத்தி! இரு, எறங்குறேன்.”

அந்த வரியை அழித்தாள். மறுபடி பட்டியல் போட்டாள். இருந்தது. பன்னிரண்டு நிமிடம். அழித்தாள். பதிமூன்று.

“யாருகிட்ட?” என்றாள் திரையிடம். “என்னய அழ வெச்சுப் பாக்கணுமா? அவர விடு. இந்தா, என் பேரப் போட்டுக்க.”

நடராசனை எடுத்துவிட்டு, சம்பூர்ணம் என்று தட்டினாள்.

போனில் மடாரென்று ஒரு சத்தம்.

“ஏங்க!”

“ஒண்ணுமில்ல புள்ள. நான் கீழ வந்துட்டேன். ஏணிதான் ரெண்டா முறிஞ்சு கெடக்கு.” சிரித்தான். அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் முட்ட.

ஹெட்போனில் பெண் குரல் நின்றுபோயிருந்தது. இப்போது ஓர் ஆண். விசும்பி விசும்பி.

“யாரு புள்ள அங்க அழறது?” என்றான் நடராசன் போனில். “என் கொரலு மாதிரியே இருக்கு?”

ஹெட்போனைக் கழற்றினாள்.

அழுகை நிற்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

சில்லென்று விரல்கள். அவள் பாதங்களைச் சேர்த்துப் பிடித்தன. ஒரு துணிக்கீற்று. இரண்டு கால் கட்டைவிரல்களையும் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

குனிந்து பார்க்கவில்லை அவள்.

“கட்டு,” என்றாள். “நான் உக்காந்துதான் இருக்கேன். படுக்க வெச்சிரு பாப்போம்.”

கணுக்காலில், மழிக்காத தாடை ஒன்று ஈரமாக உரசியது. முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்து இறுக்கியது.