மூன்றாவது கை

"இந்த வீட்டின் மூன்று கைகளுக்கும் மாலை வணக்கம்" என்றது ஏவுகோல். குமரகுருவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அவனும் சுகந்தியும். மூன்றாவது கை எங்கிருந்து முளைத்தது?

கோயம்புத்தூரில் இப்போது ஏவுகோல் என்கிற இந்தப் பேசும் ரிமோட் இல்லாத வீடே கிடையாது. டிவி, ஒலிப்பெட்டி, விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அது ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிடிக்கும் கையின் அழுத்தம், வேகம், நாடித் துடிப்பு இவற்றை வைத்து இன்னார் என்று தெரிந்துகொண்டு, அவருக்குப் பிடித்ததை ஓடவிடும். குமரகுருவின் கைக்குச் செய்தி. சுகந்தியின் கைக்குத் தொடர் நாடகம், அதுவும் காதோடு காதாக. அவனுக்குச் சத்தம் ஆகாது, பாருங்கள்.

சுகந்தி அடுக்களைக்குப் போனதும் கிசுகிசுத்தான். "மூணாவது கை யாருது?"

"பெயர் பதியவில்லை."

"எப்ப வரும்?"

"நீங்கள் வெளியே போன பிறகு. குத்துப்பாட்டு, முழுச் சத்தத்தில். விளக்குகள் பலவண்ணத்தில்."

"அந்நேரம் சுகந்தி?"

"அந்த நேரத்தில் அவர் கை என்னைத் தொட்டதே இல்லை."

போதாதா! யாரோ ஒருத்தன் தன் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை மனசுக்குள் பார்த்தான். பாவி, அவனுக்கு மீசை வேறு வைத்துப் பார்த்தான். பத்து வருஷக் குடித்தனத்தில் சுகந்தி தன்னெதிரே ஒரு பாட்டை முணுமுணுத்ததுகூட இல்லையே என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த மீசைக்காரனோடு மட்டும் கும்மாளமா?

"பகல்ல யாராச்சும் வந்தாங்களா?" என்று அடுக்களைக்குப் போய்ச் சுகந்தியிடம் கேட்டான்.

"நம்ம வீட்டுக்கு யாருங்க வரப்போறாங்க?" என்றாள், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நடிப்பைப் பார், என்று நினைத்துக்கொண்டான்.

ஏவுகோலை எடுத்துப் புதுக் கட்டளை ஒன்றைப் பதித்தான். மூன்றாவது கை தொட்டால் எதுவும் இயங்கக் கூடாது. வாடா மகனே, வந்து அழுத்திப் பார்!

ஒரு வாரம் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து கதவைப் படாரென்று திறந்தான்.

கூடத்தில் சுகந்தி மட்டும் நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, கொண்டையை உச்சியில் முடிந்து, ஏவுகோலை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். குமரகுரு படுக்கையறை, குளியலறை, கட்டிலுக்கடி எல்லாம் பார்த்தான். ஒரு ஈ காக்காய் இல்லை.

"என்னங்க தேடுறீங்க? இந்தக் கருமத்தக் கொஞ்சம் பாருங்க. நீங்க கெளம்புனதும் செத்துப் போகுது. ஒரு வாரமா ஒரு பாட்டுக் கேக்க முடியல, ஒரு ஆட்டம் ஆட முடியல..." சட்டென்று நாக்கைக் கடித்தாள். செருகிய புடவையை இறக்கிவிட்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டு, நோகாமல் பொத்தானைத் தொட்டாள்.

டிவி உடனே உயிர்பெற்றது. தொடர் நாடகம், காதோடு காதாக.

"பாத்தீங்களா? நீங்க இருந்தா ஓடுது."

குமரகுருவுக்குப் பொறி தட்டியது. குஷியாக அழுத்தும் கை ஒன்று, தனக்குப் பயந்து அழுத்தும் கை ஒன்று. ஏவுகோலுக்கு அவை இரண்டு பேர். அதைக் குறை சொல்லவும் முடியாது. பத்து வருஷம் கூட வாழ்ந்த அவனுக்கே அந்த இன்னொருத்தியைத் தெரியாதே!

"குடுங்க பாப்போம்" என்று வாங்கித் தடையை நீக்கினான். மனைவியை 'ங்க' போட்டுப் பேசியது அவனுக்கே விநோதமாக இருந்தது. "சரியாயிருச்சு. நான் திரும்ப ஆபீஸ் போறேன். வர நேரமாகும்."

லிஃப்ட் வருவதற்குள் உள்ளே குத்துப்பாட்டு அதிர்ந்தது. கூடவே சுகந்தியின் சிரிப்பு, ஒரு தடவைகூட அவன் கேட்டிராத சிரிப்பு. லிஃப்ட் வந்து, திறந்து, காலியாகவே இறங்கிப் போனது. காலிச் சோபாவையும் சுவரையும் நினைத்தால் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அவற்றுக்கு முன்னால்தானே ஆடுகிறாள்.

சாவி கையிலேயே இருந்தது. கதவைத் திறந்தால் அந்தக் கை போய்விடும் என்று அங்கேயே நின்றான்.