ஹேண்டில் பிடிக்க ஓர் ஆள்

எஞ்சினைக் கையால் சுற்ற வண்டி மூக்கில் மாட்டி, நேராகக் கீழே பார்க்க நிறுத்திவிட்டு வந்த ஹேண்டில், ஆத்மநாதன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளக் நான்கையும் கழற்றிப்போட்ட எஞ்சின் லேசாகத்தான் இருக்கும். அமுங்கிக் கிடக்கிற வால்வு ஸ்பிரிங் எம்பினால் தானாகக் கொஞ்சம் உருளும். இதுகூடத் தெரியாத பயல்கள்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டரை மாட்டிக்கொண்டு மெக்கானிக் என்று திரிகிறார்கள்.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட் அது. வீட்டுக்காரன் அருண் சென்னையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தங்கச்சி விசாலி கல்யாணத்துக்கு இந்தப் பழைய மோரிஸ் மைனர் ஓட வேண்டுமாம். காலையில் போன் செய்து பாடம் எடுத்தான்.

"அங்கிள், வீடியோல பாத்தேன். டாப் கியர்ல போட்டு வண்டிய லேசா தள்ளுனா எஞ்சின் தானா சுத்துமாம். ஹேண்டிலே வேணாமாம்."

"அப்ப அந்த வீடியோவயே வரச் சொல்லி டாப்பெட் வச்சுக்கிருங்க தம்பி. நான் கறம்பக்குடி பஸ்ஸுக்குப் போறேன்."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

எட்டு வால்வு. ஒவ்வொன்றின் தலைக்கும் அதை அமுக்குகிற இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு போய்வருகிற இடைவெளி வேண்டும்; அதைச் சரியாக வைப்பதுதான் டாப்பெட் வேலை. தகடு வழுக்கினால் தப்பு, சிக்கினாலும் தப்பு. லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். எட்டாவது வால்வு முழுதாக அமுங்கும்போது ஒன்றாவதை வைக்கலாம். ஏழு அமுங்கினால் இரண்டு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதற்கு எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் சுற்ற வேண்டும். முன்னால் ஒருவன் குனிந்து ஹேண்டில் பிடிப்பான், மேலே ஒருவன் வேலை பார்ப்பான். ஊரெல்லாம் அப்படித்தான். ஆத்மநாதன் பத்து வருடமாக யாரையும் சேர்ப்பதில்லை. நிறுத்து என்றால் ஒரு மயிரிழை தாண்டித்தான் நிறுத்துவான்கள். தாண்டவே இல்லை என்று சத்தியமும் செய்வான்கள்.

சாவி கொண்டுவந்த முனியாயி போகாமல் வாசலிலேயே நின்றாள். வீட்டைக் கூட்டிப் பார்த்துக்கொள்கிறவள்.

"நான் வேணா பிடிக்கிறேண்ணே. எங்க மாமனாரு இங்கிட்டு ஹேண்டிலு பிடிச்சவருதான். ஒருத்தரு மேல வேல பாத்தா ஒருத்தரு முன்னால நிக்கணும், ஒத்தையில மட்டும் இந்த வண்டியில கைய வைக்கக்கூடாதும்பாரு."

"வச்சா? கடிச்சிருமா?"

"கடிக்காதுண்ணே. அதுவா ஆளு தேடிக்கிருமாம்."

"ஒம் மாமனாரு சும்மா நின்னு சம்பளம் வாங்கச் சொன்ன கதை ஆத்தா அது. போ, போயி ஒஞ் சோலியப் பாரு."

அவள் போனதும் கதவைச் சாத்தி உள்ளே குறுக்குக் கட்டையைப் போட்டார். சாமானைத் திருடாத ஊர் எது?

வண்டி மூக்கைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் குனியத்தான் இடம். அந்த மூலையில் ஒரு கம்பி ஜன்னல் உண்டு. மூன்று மணி வெயில் அதன் வழியாகத் தரையில் மட்டும் விழுந்தது. பழைய ஆயில் வாடை, வௌவால் புழுக்கை வாடை, எலி அரித்த சீட்டின் வாடை எல்லாம் சூட்டில் கலந்து ஷெட்டு முழுக்கக் கனத்துக் கிடந்தன. தகர ஓடு விட்டுவிட்டுச் சடசடத்தது. ஆத்மநாதன் மட்கார்டில் வயிற்றை வைத்துச் சாய்ந்து, முதல் வால்வில் தகட்டை விட்டார். இடது கையால்தான். வலது கை போன வருடத்திலிருந்து நடுங்குகிறது, அதை அவர் நம்புவதில்லை. இடது கை இருக்கிறவரை சோறு உண்டு. அதுவும் போனால் திருச்சியில் மருமகள் ரஞ்சிதா வீட்டு ஹாலில் மாத்திரை டப்பாவோடு உட்கார வேண்டும். அவள் நல்லவள்தான். அதுதான் தாங்காது.

ஒன்றாவது முடிந்தது. தகட்டைத் துடைத்துக்கொண்டே, சுற்றப் போகலாம் என்று நிமிர்ந்தார்.

கடக்.

ஹேண்டில் எஞ்சினைக் கவ்வுகிற சத்தம். கண்ணெதிரே ஏழாவது வால்வு மெல்ல அமுங்கி, அடி தொட்டு, நின்றது. பிளக் ஓட்டைகளிலிருந்து காற்று புஸ்ஸென்று வந்தது. எவனோ மூக்கால் சிரித்தது மாதிரி.

முன்னால் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. சுவர். சிலந்தி வலை. கதவுக் கட்டை போட்டது போட்டபடி.

பூனை என்றார். பூனை ஹேண்டில் சுற்றாது என்பதும் தெரியும். ஒருவேளை தானே சுற்றிவிட்டு மறந்துவிட்டோமோ? பேயைவிட அது மோசம். கை நடுங்குகிறது, புத்தியும் போச்சு என்று ரஞ்சிதா போனில் யாரிடமோ மெதுவாகச் சொல்வது காதில் கேட்டது.

இரண்டாவதை வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கையையும் மட்கார்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார். தானா, இல்லையா என்று இப்போது தெரிந்துவிடும்.

கடக்.

ஆறாவது வால்வு அமுங்கியது.

"யார்ரா அது?"

குனிந்து சுற்றுகிறவன் ரேடியேட்டருக்குக் கீழே மறைந்துவிடுவான். உச்சி மயிர்கூடத் தெரியாது. வேர்வை வாடை மட்டும் வந்தது. வெயிலில் வேலை செய்கிறவனின் புளித்த வேர்வை. அவருடையது இல்லை, தன் வாடை தனக்குத் தெரியாதா?

ஓடியிருக்கலாம். ஆனால் எஞ்சின் நின்ற இடத்தை அவர் கண் அளந்துவிட்டது. மிகச் சரியான இடம். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பது வருடத்தில் எந்தப் பயலும் அவருக்கு இப்படிப் பிடித்ததில்லை. மூன்றாவதை வைத்தார். கடக். நான்காவது. கடக். ஐந்தாவது. கேட்காமலே வந்தது. கேட்டிருந்தால் அவமானம்.

ஆறாவதை வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். ஹேண்டில் நிற்கவில்லை. ஒரு முழுச் சுற்று. இன்னொரு முழுச் சுற்று. அதே ஆறாவது வால்வைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது.

புஸ்.

தகட்டை விட்டுப் பார்த்தார். வழுக்கியது. வைத்தது தப்பு. அவருடைய தப்பு.

அவர் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருடம் எத்தனை பேரை இதே மாதிரி, வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், மூக்கால் மட்டும் சிரித்து அனுப்பியிருக்கிறார்! திருத்தி வைத்தார். கடக். ஏழாவது. அதையும் வைத்தார். சட்டை முதுகில் ஒட்டியது.

ஜன்னல் கம்பியில் முனியாயியின் முகம் தெரிந்தது. அவரைப் பார்க்கவில்லை. பம்பருக்கு முன்னால் பார்த்தாள். பார்த்ததும் முகம் தெளிந்தது. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆளு வந்திருச்சா? நல்லதாப் போச்சுண்ணே. ஒத்தையில இருக்கீங்களேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேருக்கும் டீ வாங்கியாரேன்."

யாரம்மா என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அவளிடமா? விரட்டிவிட்டவளிடம், என் முன்னால் நிற்பது யார், நீ பார்த்துச் சொல் என்றா?

அவள் செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. டீக்கடை வெகு தூரம்.

எட்டாவது மட்டும் பாக்கி.

"இத நான் கொண்டாந்துக்கிறேன்," என்றார். "ஒம் பிச்சை வேணாம்."

பேன் பெல்ட்டை இடது கையால் சேர்த்துப் பிடித்தார். பிளக் இல்லாத எஞ்சினைப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தே உருட்டலாம். இழுத்தார். எஞ்சின் அசைந்தது. தன் கைக்கு அசைந்தது. வால்வு அமுங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம்.

கடக்.

பெல்ட்டு கையை எடுத்துக்கொண்டு போனது. வேகமாக இல்லை. நிதானமாக. நான்கு விரலும் பெல்ட்டுக்கும் அது ஓடுகிற புல்லிச் சக்கரத்துக்கும் நடுவில், இரண்டாம் கணுவரை.

நின்றது.

கத்தினார். தகர ஓடுதான் கேட்டது. பெல்ட்டைத் தளர்த்த ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் பெட்டி கதவோரம். வலது கையால் பேன் இறக்கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். வரவில்லை. அந்தப் பக்கம் அது ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவருக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்? ஹேண்டிலைப் பிடித்திருக்கிறவரை எஞ்சின் பின்னால் போகாது. ஹேண்டிலால் பின்னால் சுற்றவும் முடியாது. அதற்கு ஒரே பக்கம். விரல் வெளியே வர வேண்டுமானால் புல்லி அதை அறுத்துக்கொண்டு முன்னால்தான் சுற்ற வேண்டும். முழுதாக.

கழுத்தைத் திருப்பி வண்டிக்கு அடியில் பார்த்தார். பம்பருக்கு முன்னால் தரையில் வெயில். கால் இல்லை.

"போதுங்க," என்றார். யாரிடமும் அவர் அப்படிச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. "விட்டுருங்க. கை ஒண்ணுதாங்க இருக்கு."

புஸ் என்றுகூட வரவில்லை.

ரேடியேட்டரின் மேல், பலம் கொடுத்துச் சுற்றப்போகிறவன் ஊன்றுவது போல, ஓர் இடது கை வந்து ஊன்றியது. கரி அப்பிய கை. அதன் நான்கு விரல்களும் இரண்டாம் கணுவோடு முடிந்திருந்தன.