முப்பது மீட்டர் மிச்சம்

காலை 6.10. வெள்ளோட்டத்துக்கு வந்தவள் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். படகின் பேட்டரி அறை முழுக்கக் கரி. தரையில் உருகிக் காய்ந்த வெள்ளைக் கட்டிகள். கதவருகே படகோட்டியின் உடல். பொறுக்க முடியாமல் விடியும் முன்பே வந்து மோட்டாரை ஓட்டிப் பார்த்திருக்கிறார், பாவி மனிதர்.

அந்தப் படகின் ஒயரிங்குக்குக் கணக்குப் போட்டவள் அவள்தான்.

9.40. அவளும் அண்ணனும் நடத்தும் படகுப் பட்டறையில் விசாரணை. இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"கேபிள் சைஸ் முடிவு பண்ணது யாரு?"

"நான்தான் சார். எழுபது ஸ்கொயர் எம்எம், ஈயம் பூசின செம்பு. கரண்ட் போக, வர ரெண்டு தூரத்தையும் கூட்டித்தான் போட்டேன்."

"இழுத்துப் பொருத்தினது?"

"அண்ணன்."

"கணக்கு சரின்னா ஏன் எரிஞ்சுது? கையெழுத்து உங்களோடது. ஸ்டேஷனுக்கு வரணும்."

பக்கத்தில் நின்ற அண்ணன் வாயே திறக்கவில்லை.

"மிச்ச கேபிள் இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் உள்ளே போய், முப்பது மீட்டர் சுருளை ஒரு கையில் தொங்கவிட்டபடி வந்தான். மறு கையில் போன். படகோட்டியின் மனைவிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம் அண்ணி," என்று போனை அணைக்காமலே சுருளோடு மேசைமேல் வைத்தான்.

கேபிள் முனை வெள்ளையாக மின்னியது. "ஈயப் பூச்சுதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் எழுந்து சுருளைத் தூக்கினாள். துணிமூட்டை போல லேசாக வந்தது. அரத்தை எடுத்து முனையைத் தேய்த்தாள். பூச்சு போனால் செம்பின் சிவப்பு தெரிய வேண்டும். எவ்வளவு தேய்த்தும் வெள்ளைதான்.

"அலுமினியம் சார். அந்த மோட்டார் இழுக்கிற கரண்டை இது தாங்காது. செம்பு அவ்வளவு சுலபமா உருகாது. அங்க வெள்ளையா உருகிக் கிடக்கு." அண்ணனிடம் திரும்பினாள். "செம்புன்னா இருபத்தஞ்சு கிலோ இருக்கும். நீ எப்படிண்ணா ஒரு கையால தூக்கிட்டு வந்த?"

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். "செம்பு வர மூணு வாரம்னாங்க. இன்னைக்கு வெள்ளோட்டம்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. உன்கிட்ட சொன்னா வேலையை நிறுத்திடுவ."

"நிறுத்தியிருப்பேன். அவர் இருந்திருப்பார்." அவள் அரத்தை மேசைமேல் வைத்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. பக்கத்துலயே நின்னியேண்ணா."

மேசைமேல் கிடந்த போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"தம்பி... நீங்களா?"

போனை யாரும் கையில் எடுக்கவில்லை.