விதுசனின் பழைய வீடு

தேனுகாவுக்கு விதுசனைக் கண்டாலே வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ராஜினி ரீச்சர் வகுப்பு மேசையில் பலவிதப் பொருள்களைப் பரப்புவார். ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துணியால் மூடுவார். தேனுகா பாதியை மறந்துவிடுவாள். விதுசனோ ஒன்றும் விடாமல் எழுதிவிடுவான்.

வரும் வெள்ளிக்கிழமை வெல்பவர்தான் நெடுங்கேணியில் பஸ் ஏறி வவுனியா ஞாபகப் போட்டிக்குப் போகலாம்.

தேனுகா பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "டேய், என்னடா மந்திரம் செய்யிறாய்?"

"மந்திரமில்லை. கண்ணை மூடி மனசால எங்கட வீட்டுக்குள்ள போவன். வாசல் படலையில சீப்பைத் தொங்கவிடுவன். கதிரையில பூசணிக்காயை இருத்துவன். குசினியில செருப்பைப் பொரிப்பன். திரும்ப நடந்து போனால் எல்லாம் அங்கேயே இருக்கும்."

"செருப்பைப் பொரிக்கிறியோ!"

தேனுகா சிரித்தாள். ஆனாலும், இது தனக்குத் தோன்றவில்லையே என்று இன்னும் எரிந்தது. அன்றிலிருந்து அவளும் மனதுக்குள் தன் வீட்டில் பொருள்களை வைத்துப் பழகினாள்.

வெள்ளிக்கிழமை காலை விதுசன் துள்ளிக்கொண்டு வந்தான். "நேற்றுப் புது வீட்டுக்குப் போயிட்டம்! பழைய தகரக் கொட்டிலைப் பிரிச்சாச்சு."

'இவனுக்குப் புது வீடும் வேறையா!' தேனுகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரீச்சர் துணியால் மூடியதும் தேனுகா மளமளவென்று எழுதினாள். ஒரேயொரு பொருள்தான் நினைவுக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். விதுசனின் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"என்ன விதுசன், இன்னும் எழுதேல்லையோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"எல்லாத்தையும் எங்கட பழைய வீட்டிலதான் வச்சனான், ரீச்சர். திரும்பிப் போனால் வீட்டைக் காணேல்லை. பிரிச்ச தகரந்தான் கிடக்குது."

தேனுகாவின் மனம் குதித்தது. வவுனியா அவளுக்குத்தான்! வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவன் கலங்கிய கண்களைப் பார்த்ததும் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ரீச்சர், நான் இவனுக்கு ஒண்டு சொல்லட்டோ? பொருளின்ர பேர் ஒண்டும் சொல்லமாட்டன்."

ரீச்சர் தலையாட்டினார்.

"டேய், வெளியில இருந்த வீட்டைத்தானே பிரிச்சவை? உன்ர தலைக்குள்ள இருக்கிறதை ஆரும் பிரிக்கேல்லை. படலையில இருந்து நட."

விதுசன் கண்ணை மூடினான். சற்று நேரத்தில் சிரிப்பு வந்தது. பேனை ஓடத் தொடங்கியது. கடைசிப் பொருள் வரை நிற்கவேயில்லை.

வவுனியாவுக்கு விதுசன்தான் தெரிவானான். தேனுகாவுக்கு எரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே எரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"நீ எதை மறந்தனி?"

"கருவாட்டை."

"எங்க வச்சனி?"

"வாசல்படியில."

"அங்க உங்கட பூனையெல்லோ படுத்திருக்கும்!"

தேனுகா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அடுத்தமுறை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிறன். அப்ப பார், வவுனியாவுக்கு ஆர் போறது எண்டு!"