அணைந்த மெஷினில் சுழன்ற காற்றாடி

அணைத்து வைத்த மெஷின் மறுபடியும் மூச்சு விட்டது...

யோகேஸ்வரி கதவருகிலேயே நின்றுவிட்டாள். பிற்பகல் மணி மூன்று. ஜன்னலுக்கு வெளியே தேயிலையைக் காணோம், மலையையே காணோம், மழையும் மூடுபனியும்தான். பழைய தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடி இப்போது சர்வர் அறை. தினமும் வந்து பார்த்துக்கொள்வது இவள் ஒருத்திதான். மூலையில் அணைத்துப் போட்ட சர்வரின் காற்றாடி, இவள் உள்ளே நுழைந்ததும் விர்ரென்று சுற்றி நின்றுவிடும். இவள் வந்தது அதற்கு எப்படித்தான் தெரியுமோ!

செத்துப்போன கிராணி, தோட்டத்துக் கணக்கர் ஒருவர், அங்கே நடமாடுவதாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. மேனேஜர் புனிதன் துரையோ முடிவாகச் சொல்லிவிட்டார். இன்று ஈப்போ நகரிலிருந்து ஆள் வந்து சோதிப்பான். கோளாறு இல்லையென்று எழுதினால், பேய்க்குப் பயந்தவளுக்கு இங்கே வேலை இல்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். அலறப் போனாள்... வாசலில் நனைந்த தலையோடு ஓர் இளைஞன். தப்பு செய்துவிட்டு வந்தவன் போலத் தயங்கும் பெரிய கண்கள். பெயர் மகேன், ஈப்போவிலிருந்து வருகிறேன் என்றான். மெஷினை அணைத்தாலும் உள்ளே ஒரு குட்டி சிப் விழித்திருக்கும், அதை வைத்துச் சூட்டையும் காற்றாடியையும் தூரத்திலிருந்தே கவனிக்கலாம், இயக்கலாம் என்று பாடம் எடுத்தான். அந்தச் சிப்பில் ஓடும் ஃபர்ம்வேர் நிரல் தன் குழு திருத்தியதாம்... கோளாறே கிடையாதாம்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஓப்பன் சோர்ஸ்தானே, யார் வேணும்னாலும் படிக்கலாம் லா. மூணு வாரமா உக்காந்து முழுசாப் படிச்சிட்டேன். ஆள் வந்தா காத்தாடியைச் சுத்துன்னு அதுல ஒரு வரிகூட இல்ல. அப்ப சுத்துறது யாரு?"

அவள் அந்த மெஷினை நெருங்காமல் கதவோரமே நிற்பதை மகேன் பார்த்தான். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் வேலை... பாவி, நாள்தோறும் இப்படியா பயமுறுத்தியிருக்கிறேன்!

"நான்தான்," என்றான். "கதவைத் திறந்தா குளிர் உள்ள வரும். ரெண்டு டிகிரி இறங்குறது ஈப்போவுல என் ஸ்கிரீன்ல தெரியும். யாரோ வந்துட்டாங்கன்னு... ஒரு வணக்கம் மாதிரி சுத்திவிடுவேன். இப்பக்கூட கீழ காருக்குள்ள இருந்து போன்லதான்... ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. ஆனா நீங்க லீவு போட்ட அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கல."

கிராணியின் ஆவியே தேவலை என்றிருந்தது அவளுக்கு! எங்கோ இருந்துகொண்டு ஒருவன் தன் வரவுக்காகவே காத்திருந்தானா... பயத்தில் அழுகை வந்தது. அந்த அழுகைக்குள்ளும் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததை அப்படியே துரைக்கு எழுதுங்கள் என்றாள். அவன் மழுப்பாமல் எழுதினான். தன் பெயரைப் போட்டு, அவளிடம் படிக்கக் கொடுத்துவிட்டு அனுப்பினான்.

"வேலை போயிருமா?" என்று கேட்டாள்.

"போகும். ஆனா உங்களைப் பார்த்துட்டேன்ல..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைத்திருந்தால் தப்பியிருப்பான், இவனோ அவளுக்காகத் தன் வேலையையே விட்டுக்கொடுத்துவிட்டான்.

"ஒளிஞ்சு பார்க்கிறது எனக்குப் பிடிக்காது. இனிமே மலை ஏறி வந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்க, மகேன்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."