நூற்றைம்பதுக்குக் கீழே...

"அய்யோ... என் காலு எங்க?!"

அம்மாசியின் அலறலில் அந்தக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

கால்கள் இரண்டும் போர்வைக்குள் பத்திரமாகத்தான் இருந்தன. அவருக்குத்தான் அவை இருப்பதே தெரியவில்லை!

மகள் அபிநயா ஓடி வந்து பாதத்தைக் கிள்ளினாள்.

"வலிக்குதாப்பா?"

"எது...?"

அவள் மற்றக் காலையும் கிள்ளிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அம்மா செத்த நாளிலிருந்து ஆறு வருஷமாக, ஒரு வேளை தவறாமல் இந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டவள். முந்தாநாள் ஆபரேஷன். இன்றுதான் முதல் கஞ்சி. காலையில் முகம் துடைத்து, கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். அதற்குள்...!

டாக்டர் சிவசங்கர் மானிட்டரைப் பார்த்தார். வெளிறிப்போனார்.

"பிரஷர் தொண்ணூறு! ரத்தம் இல்லாம தண்டுவடம் பட்டினி கெடக்கு... இவருக்கு யாரு என்ன குடுத்தீங்க?"

யாரா? சித்தப்பா பிச்சைமுத்து! வேறு யார்?

கரியாலூர் கொல்லை நிலத் தகராறில் மூன்று வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆபரேஷனுக்கு ஆம்பளைக் கையெழுத்து வேண்டுமென்று ஊர்க்காரர்கள்தான் அந்த ஆளை இழுத்து வந்தார்கள். நேற்றும் வந்தார். இன்றும் இளநீரோடு வந்து, "பாப்பா, ஒரு வார்த்தை..." என்றார். அவள் விருட்டென்று எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில் உள்ளே நுழைந்திருப்பார்!

அபிநயா போலீசுக்குப் போன் போட்டாள்.

அரை மணியில் எஸ்.ஐ. இசைவாணி வந்தாள். பிச்சைமுத்துவின் சட்டையைப் பிடித்தாள்.

"இளநியில இன்னாய்யா கலந்த?"

"அய்யோ, அத இன்னும் வெட்டவே இல்லம்மா! தோ பாருங்க, பெஞ்சுக்கு அடியில..."

முழு இளநீர். சீவாமல் கிடந்தது!

"அப்ப இன்னாத்துக்கு ரெண்டு நாளா சுத்திக்கினு இருக்க?"

பிச்சைமுத்து அழுதுவிட்டார்.

"கையெழுத்துப் போட்டவன்னு டாக்டரு எங்கிட்டதாம்மா சொன்னாரு. நெஞ்சுல பெரிய ரத்தக்கொழாய மாத்தியிருக்காம். பிரஷரு நூத்தம்பதுக்குக் கீழ எறங்கினா தண்டுவடத்துக்கு ரத்தம் போவாதாம். பழைய பிரஷர் மாத்திரய கண்ணுலயே காட்டக் கூடாதுன்னாரு. இத சொல்லலாம்னு வந்தா... இவ நின்னு கேக்கலியே!"

அபிநயாவின் கை தானாக இடுப்புப் பர்சைத் தொட்டது.

உள்ளே மாத்திரை அட்டை. இன்று காலை ஏழு மணிக்குக் கிழித்த ஓட்டை, புதுசாக...

"நான்தான்..." அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். "நான்தான் குடுத்தேன் சார். ஒரு நாள் வுட்டாலும் ஆள் போய்டுவாருன்னு ஊர் நர்சம்மா சொல்லிச்சே... கஞ்சியில கரைச்சி..."

எஸ்.ஐ.யின் பிடி தளர்ந்தது.

"கால் திரும்பிடுமா சார்?"

"பிரஷர ஏத்திக்கினுதான் இருக்கோம்..." டாக்டர் மறுபடி மானிட்டர் பக்கம் திரும்பினார்.

கட்டிலடியில் சுருண்டு விழுந்தவளின் தலையை அம்மாசியின் கை தடவித் தேடியது.

"அழுவாத பாப்பா... நர்சம்மாகிட்ட சொல்லிடு. மாத்திர சும்மா இல்ல, நல்லாத்தான் வேல செய்யுது!"